முதல் பரிசோதனை முதல் அடுப்படி வரை: செட்டிநாட்டில் சுகர், பிரஷரை முன்கூட்டியே கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

முப்பது வயதைத் தாண்டியும் இதுவரை ஒருமுறைகூட சுகரோ பிரஷரோ பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்குப் பாக்கணும்?" என்பதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஒன்றும் செய்யாதபோதுதான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. சர்க்கரை நோயும் அப்படித்தான். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என்று அது தன்னைக் காட்டிக்கொள்வதற்குள் சில ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அதற்குள் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு தொடங்கியிருக்கவும் கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. நோய்க்கு முந்திய நிலையில், அதாவது வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் நம்மால் அதிகம் செய்ய முடியும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு வாசற்படியில் நின்றவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடு. அவர்களும் நம்மைப்போல இட்லியும் சோறும் சாப்பிடுகிறவர்கள்தான்.

நான் சொல்ல வருவது இதுதான்: பரிசோதனைத் தாள் அடுப்படி வரை போக வேண்டும். பல வீடுகளில் அது பீரோவில் பைல் அட்டைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. சமைக்கிறவருக்கு எண்கள் தெரியாது. எண்கள் தெரிந்தவர் அடுப்படிப் பக்கம் போவதில்லை. கீழே வருகிற எல்லாமே இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்

தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வேட்டி கட்டுகிற இடத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும், ஏனென்றால் தொப்பை உள்ளவர்கள் அதற்குக் கீழேதான் கட்டுவார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதைத் தாண்டினால் கவனம் தேவை. ஆள் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வந்திருந்தாலும் இதே கணக்குதான். நம்மவர்களுக்கு எடையைவிட வயிற்றுக் கொழுப்பே பெரிய எதிரி.

சென்னையில் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறை நான்கே கேள்விகள் கேட்கிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பச்சிக்கோ (அப்பா) ஆத்தாளுக்கோ (அம்மா) சர்க்கரை உண்டா. நூற்றுக்கு 60ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். ஐம்பதைத் தாண்டி, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர் என்றால் அந்த இரண்டிலேயே 60 வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம், குடும்ப வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐயா, அப்பத்தா, ஆயா, அப்பச்சி, ஆத்தா, கூடப் பிறந்தவர்கள் என்று யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது? அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு கண்டிருந்தால் மருத்துவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். "நெஞ்சு வலியில போயிட்டாக" என்று பொதுவாகச் சொல்வதை விட வயது முக்கியம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

எங்கே போவது

ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சுகர், பிரஷர் பார்ப்பது அங்கே வழக்கமான, கட்டணம் இல்லாத வேலை. வாய்ப் புற்றுநோய்க்கும், பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அங்கேயே பரிசோதனை உண்டு. ஆச்சிமார்கள் கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், சில நிமிட வேலைதான். ஆதாரும், எப்போதும் கையில் இருக்கிற போன் எண்ணும் எடுத்துப் போங்கள்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் காரைக்குடி அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால் ராயவரம், ராங்கியம், கோனாபட்டுப் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோதாக இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கிற முதியவர்கள் இந்தச் சேவையைப் பற்றி சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் பதிந்துகொள்வது நல்லது.

தனியார் லேபுக்குப் போகிறவர்கள் "முழு உடல் பரிசோதனை" என்ற பெயரில் எண்பது, தொண்ணூறு டெஸ்ட் உள்ள பேக்கேஜைப் பார்த்து மயங்க வேண்டாம். நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு முதல் தடவை தேவைப்படுவது சிலதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், ரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின். நாற்பதைத் தாண்டியவர்கள் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய்க் குறியீடுகள் என்று பட்டியலில் சேர்த்திருப்பதை யாரும் கேட்காமல் எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

முதல் நாள் இரவும் மறுநாள் காலையும்

இரவு எட்டரைக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். காபி, பால், வெற்றிலை எதுவும் கூடாது. பிரஷர் மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர்கள் அதை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது, அதை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்.

பரிசோதனைக்கு மூன்று நாளுக்கு முன்பே திடீரென்று பத்தியம் இருப்பவர்கள் நிறையப் பேர். ரிசல்ட் நன்றாக வரும்தான், ஆனால் அது உங்கள் உடம்பின் ரிசல்ட் அல்ல. சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்திலும் இதே கதை: வீட்டில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் அன்று மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கிடுங்கள். குளுக்கோஸ் கரைசல் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் கணக்கு மாறிப்போகும்.

பிரஷர் பார்க்கும் இடத்தில்தான் பிழை அதிகம் நடக்கிறது. வெயிலில் பஸ் விட்டு இறங்கி, படியேறி, வரிசையில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்த அடுத்த நொடி கையை நீட்டினால் 150 காட்டுவதில் ஆச்சரியமில்லை. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்திய அரை மணியில் காபி, சிகரெட் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்ற வந்தால், "சிஸ்டர், கொஞ்சம் இருங்க" என்று சொல்லி சட்டைக் கையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஒற்றைத் தடவை அளவை வைத்து வாழ்நாள் மாத்திரையும் தொடங்கக் கூடாது, ஒற்றைத் தடவை நன்றாக வந்ததை வைத்து நிம்மதியும் அடையக் கூடாது.

எண்களைப் படிப்பது

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை வாசற்படி. 126ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140க்குள் இருக்க வேண்டும், 200ஐத் தொட்டால் நோய். ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே நல்லது, 6.5ல் நோய் தொடங்குகிறது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்த பிறகுதான் நோய் என்று முடிவு கட்டுவார்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். அதனால்தான் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன், நம் பெண்களுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

பிரஷர் 120/80 நல்ல அளவு. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் ரத்த அழுத்த நோய். கொழுப்பில் மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடாதீர்கள். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 100க்குள், ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 150க்குள், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் மேலே இருப்பது நல்லது. நம்மவர்களிடம் அடிக்கடி காண்பது டிரைகிளிசரைடு கூடி எச்டிஎல் குறைந்த தாள். அது எண்ணெயால் மட்டும் வருவதல்ல, சோறும் இனிப்பும் மிகுந்தாலும் வரும்.

சரி, இனி ஒரு நோட்டு வாங்குங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்திலிருந்து காசுக் கணக்கைப் பேரேட்டில் பதிந்து வைத்த ஊர் இது, உடம்புக் கணக்கையும் அப்படியே பதியலாம். தேதி, இடுப்பளவு, எடை, பிரஷர், சுகர், கொழுப்பு. அந்த நோட்டின் இடம் பீரோ அல்ல, அடுப்படி அலமாரி. சமையலுக்கு ஆள் வைத்திருந்தால் அவரையும் உட்கார வைத்து, "ஐயாவுக்கு உப்பு குறையணும், எனக்குச் சோறு குறையணும்" என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த கை தானாகவே அளந்து போடும்.

அடுப்படியில்

செட்டிநாட்டுச் சமையலே கெடுதல், எண்ணெயும் காரமும்தான் என்று வெளியூர் ஹோட்டல் பலகையைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தினசரி வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துச் செய்கிற கோசமல்லி, அரிசி கழுவிய தண்ணீரில் கொதிக்கிற வெண்டைக்காய் மண்டி, கீரை மசியல், பருப்புச் சேர்த்த கூட்டு, தட்டைப்பயறு, மொச்சை. இதில் எதைக் குறை சொல்ல முடியும்? கோழிக் குழம்பிலும் கோழி பிரச்சினை இல்லை, மேலே மிதக்கிற எண்ணெயும் அதை ஊற்றிப் பிசைகிற சோற்றின் அளவும்தான் பிரச்சினை. விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் செய்தது தினசரிக்கு இறங்கிவிட்டதுதான் நமக்கு நேர்ந்தது. வெள்ளைப் பணியாரம் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எண்ணெயில் வெந்தது, இப்போது சாயங்காலம் தோறும் கடையில் கிடைக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதுப்பித்த உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: காய்கறியும் கீரையும் 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், எண்ணெய் நெய் 27 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய், மாதத்துக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்துச் சுமார் மூன்றரை லிட்டர். பெரும்பாலான வீட்டில் எண்ணெய் இதற்கு மேலேயும் காய் இதற்குப் பாதியிலும் நிற்கும். முதல் தேதி அன்று மாதத்துக்கான எண்ணெயைத் தனித் தூக்கில் ஊற்றி வைத்துவிட்டு, அது தீர்கிற தேதியை நோட்டில் எழுதுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் எங்கே போகிறது என்று வீட்டாருக்கே தெரிந்துவிடும். செக்கு எண்ணெய் என்பதற்காகக் கூடுதலாக ஊற்ற முடியாது. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

சோற்றை விடச் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் அளந்து வைத்து, அதைவிடப் பெரிய அளவு காயும் பயறும் தட்டில் இருக்கட்டும். சாப்பிடுகிற வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: முதலில் பொரியல், கூட்டு, பயறு, பாதி வயிறானபின் சோறு. இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக எகிறாது.

கவுனி அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. "கவுனி சுகருக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கறுப்புத் தவிட்டோடு இருப்பதால் வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து அதிகம், உண்மைதான். ஆனால் நம் வீட்டில் கவுனியைச் சீனி, தேங்காய், நெய் போட்டுத்தானே கிளறுகிறோம்? அந்தக் கிண்ணம் இனிப்புக் கணக்கில்தான் வரும். கும்மாயத்தில் போடுகிற கருப்பட்டியும், பாலில் போடுகிற பனங்கற்கண்டும் சர்க்கரையை ஏற்றுபவைதான். காபியையும் எண்ணிப் பாருங்கள். நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு சின்னக் கரண்டி சீனி என்றால் 40 கிராம் ஆகிவிட்டது. 25 கிராமுக்குள் நிற்பது நல்லது.

உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், உப்புக்கண்டம் என்று தட்டோரத்தில் வைத்தால் குறைத்த பலன் அங்கேயே போய்விடும். பிரஷர் உள்ளவர்கள் இதில் ஒன்றை மட்டும், அதுவும் வாரத்தில் ஓரிரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது என்று கேட்பார்கள். இலையில் ஒரு பலகாரத்தைத் தேர்ந்தெடுத்து ரசித்துச் சாப்பிடுங்கள், மற்றவை பரிமாறும்போதே கையால் மறைத்து "போதும்ணே" என்று சொல்லிவிடுங்கள். இலையில் விழுந்தபின் வீணாக்க மனம் வராது.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும்படி. ஊருணிக் கரையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடலாம். வெளியே போக முடியாத வயதானவர்களுக்கு நம் வீடுகளே போதும். முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில், நாலு தடவை போய் வந்தாலே நல்ல நடைதான். சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை சுகருக்கு நன்றாக உதவும்.

அடுத்த தேதி

எல்லாம் இயல்பாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. வாசற்படியில் இருந்தால் மூன்று நான்கு மாதம் உணவையும் நடையையும் மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நோய் உறுதியானால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரைப் படம், சிறுநீரில் ஆல்புமின், பாதப் பரிசோதனை மூன்றும் ஆண்டுதோறும் கட்டாயம். எண்கள் நன்றாக வந்துவிட்டன என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரையால்தான் அவை நன்றாக வந்திருக்கும்.

நெஞ்சில் பாரம், கை தாடைக்குப் பரவுகிற வலி, வியர்வை, அல்லது வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது. இவற்றுக்குச் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. வாயு என்று நினைத்துக் காலை வரை படுத்திருந்தவர்களை இழந்திருக்கிறோம். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கடைசியாக, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு. சர்க்கரை உள்ளவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து, வேண்டுதலாக இருந்தாலும் மருத்துவர் சொல்கிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சி வெயிலில் கோயில் கல்தளத்தில் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும். நடைப்பயணத்தில் இரவு தங்குகிற இடத்தில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை கூட வருகிறவரிடம் காட்டுங்கள். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தாமல், அன்றைக்கே வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்டிக் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.